பரங்கிப்பூ, வெனிலாப்பூ, பன்னிரண்டு வயசுப் பையன்

மொட்டை மாடியில் தோட்டம் போடுறவங்க எல்லாருக்கும் ஒரு பரங்கிக்கொடி சோகம் இருக்கும். எனக்கும் இருக்கு.

பழைய பெயிண்ட் டப்பாவில் மண்ணை நிரப்பி, சமையலுக்கு வாங்கின பரங்கிக்காயிலிருந்து எடுத்த விதையை ஊன்றினேன். கொடி என்னவோ அமோகமா வந்தது. தண்ணித் தொட்டி மேல ஏறி, துணி காயப்போடுற கம்பியைப் பிடிச்சு, பக்கத்து வீட்டு மாடி வரைக்கும் எட்டிப் பார்த்தது. மஞ்சள் மஞ்சளா பூவும் பூத்தது. ஆனா காய்? கோலிக்குண்டு அளவில் ஒரு பிஞ்சு வரும், ரெண்டு நாளில் பழுத்த மாதிரி மஞ்சளாகும், மூணாம் நாள் அழுகி விழும். ஒன்றில்லை, இருபது பிஞ்சாவது இப்படிப் போயிருக்கும். வேப்பம் புண்ணாக்கு போட்டேன், மோர் தெளிச்சேன். ம்ஹூம்.

அப்புறம் ஒரு நாள் பார்த்தால் ஒரு பிஞ்சு விழவில்லை. எலுமிச்சை அளவாச்சு, தேங்காய் அளவாச்சு. பின்னாலேயே இன்னும் ரெண்டு. எனக்குத் தலைகால் புரியலை. எங்க வீட்டில் வேலைக்கு வரும் அக்கா, பள்ளிக்கூடம் லீவு என்பதால் மகளையும் கூட்டிட்டு வருவாங்க. ஏழாம் வகுப்பு முடிச்ச பொண்ணு. அவள் சாவகாசமா வந்து நின்னு, "சார், அது நான் பண்ணது" என்றாள்.

"என்ன பண்ணே?"

"ஆம்பளைப் பூவைப் பறிச்சு, இதழைப் பிச்சுப் போட்டுட்டு, உள்ள இருக்கிற மஞ்சப் பொடியைப் பிஞ்சு இருக்கிற பூவுல தடவினேன். எங்க ஆயா அப்படித்தான் பண்ணும். காலைல சீக்கிரம் பண்ணணும். வெயில் ஏறினா பூ மூடிக்கும்."

நான் நம்பலை. "போம்மா, தேனீ வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டேன். நாலாவது மாடிக்குத் தேனீ வந்து நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்பது வேற விஷயம்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரர் மாடிக்கு வந்தார். காயைப் பார்த்து வாயைப் பிளந்து, "எப்படி சார் பிடிச்சுது?" என்றார். நான் சொன்னேன்: "கையாலேயே பூவுக்குப் பூ தொட்டு வெச்சேன்."

வெச்சேன். அந்த ஒரு வார்த்தை எப்படி வாயில் வந்ததுன்னு இன்னைக்கும் தெரியலை. திட்டம் போட்டுச் சொன்ன பொய் இல்லை. ஆனா பொய்தான்.

இதுக்கும் சரித்திரத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கிறீங்களா? இருக்கு. அன்னிக்கு ராத்திரி, கையால் மகரந்தம் சேர்ப்பது பற்றி இன்னும் நாலு விஷயம் தெரிஞ்சு வெச்சுக்கலாம் என்று (பக்கத்து வீட்டுக்காரர் மறுபடி கேட்டால் சொல்லணுமே!) படிக்க உட்கார்ந்தேன். படிச்சதில் ஒரு பையன் வந்து என் எதிரே நின்னான். அவனுக்கும் பன்னிரண்டு வயசு. அவனும் முதலில் கற்றுக்கொண்டது பூசணி வகைக் கொடியில்தான். அவன் பேர் எட்மோன்.

*

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கையால் மகரந்தம் சேர்ப்பது எட்மோன் கண்டுபிடித்தது இல்லை. பேரீச்சை மரத்தில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. ஆண் பாளையை அறுத்துப் பெண் மரத்தில் ஏறிக் கட்டுகிற வேலையை மெசபொட்டேமியா மக்கள் பல ஆயிரம் வருஷம் முன்னாலேயே செய்தார்கள். அரபு நாடுகளில் இப்பவும் செய்கிறார்கள். பூவிலும் ஆண் பெண் உண்டு என்று ஐரோப்பாவில் சோதனை செய்து காட்டியவர் ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரத்து கமராரியஸ், வருஷம் 1694. லண்டனுக்கு அருகே ஹாக்ஸ்டனில் நாற்றுப் பண்ணை வைத்திருந்த தாமஸ் ஃபேர்சைல்ட் 1717 வாக்கில் ஒரு கார்னேஷன் பூவையும் ஸ்வீட் வில்லியம் பூவையும் சேர்த்து, இரண்டும் இல்லாத மூன்றாவது செடி ஒன்றை உண்டாக்கினார். அதைக் கோவேறு கழுதை என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள். கழுதையும் குதிரையும் சேர்ந்த கோவேறு மாதிரி அதுவும் மலடு.

ஆக விஷயம் புதுசில்லை. ஆனால் ஒரு பூ மட்டும் யாருக்கும் மசியலை. வெனிலா.

வெனிலா ஓர் ஆர்க்கிட் கொடி. சொந்த ஊர் மெக்சிகோ, அதைச் சுற்றியுள்ள மத்திய அமெரிக்கக் காடுகள். மெக்சிகோவின் வெராக்ரூஸ் பக்கம் வாழும் டொடொனாக் மக்கள் அதை வளர்த்தவர்கள். ஆஸ்டெக்குகள் கொக்கோ பானத்தில் கலந்து குடித்தார்கள். ஸ்பெயின்காரர்கள் 16-ஆம் நூற்றாண்டில் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். வாசனைக்கு ஐரோப்பா மயங்கியது. ஆனா காய் மெக்சிகோவிலிருந்து மட்டும்தான் வரும். கிட்டத்தட்ட முந்நூறு வருஷம் இதே கதை.

கொடியை எடுத்துவந்து வேறு இடத்தில் நட்டால் போச்சு என்றுதானே தோணும்? நட்டார்கள். லண்டன் கண்ணாடிக் கூடத்தில் வளர்ந்தது, பாரிசில் வளர்ந்தது, பூவும் விட்டது. காய் மட்டும் இல்லை. (என் பரங்கிக்கொடிதான் ஞாபகம் வந்தது.) காரணம் பூவின் உள்ளே இருந்தது. பரங்கியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. வெனிலாவில் ரெண்டும் ஒரே பூவுக்குள்ளே, ஒன்றுக்கொன்று கைக்கெட்டும் தூரத்தில். ஆனால் நடுவில் நாக்கு மாதிரி ஒரு மெல்லிய தோல் திரை போட்டுக்கிட்டு இருக்கும். மெக்சிகோ காட்டுத் தேனீ அந்தத் திரையைத் தாண்டும் வித்தையை அறிந்தது. மற்ற ஊர் பூச்சிகளுக்கு அது தெரியாது. பூவோ காலையில் விரிந்தால் அன்றைக்கே வாடிவிடும்.

1836-இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் சார்லஸ் மோரன் என்கிற தாவரவியல் பேராசிரியர் கண்ணாடிக் கூடத்தில் கையால் மகரந்தம் சேர்த்துக் காய் எடுத்துவிட்டார். உலகத்தில் முதலில் செய்தவர் அவர்தான், அதில் சந்தேகமில்லை. கொஞ்ச நாளில் பாரிசிலும் செய்தார்கள். ஆனால் அது ஆய்வுக்கூடத்து வேலை. தோட்டத்தில் காலை வெயில் ஏறுவதற்குள் நூற்றுக்கணக்கான பூக்களைத் தொட்டு முடிக்கிற மாதிரியான சுலப வழி அப்போது யார் கையிலும் இல்லை.

*

இப்போ இந்துமாக் கடலுக்கு வருவோம். மடகாஸ்கருக்குக் கிழக்கே ஒரு சின்னத் தீவு. இன்னைக்கு ரியூனியன், அன்னைக்கு பூர்போன். பிரெஞ்சுக்காரர்களின் கரும்புக் காலனி. அடிமைகளை வைத்து நடந்த காலனி. 1820 வாக்கில் அங்கே வெனிலாக் கொடி வந்து சேர்ந்தது. வழக்கம்போல கொடி மட்டும்.

தீவின் வடகிழக்கில் சேன்ட்-சூசான் என்று ஓர் ஊர். அங்கே 1829-இல் ஓர் அடிமைத் தாய்க்கு எட்மோன் பிறந்தான். பிரசவத்திலேயே தாய் இறந்துவிட்டாள். குடும்பப் பெயர் கிடையாது. அடிமைக்கு ஏது? ஃபெரியோல் பெல்லியே-போமோன் என்கிற தோட்ட முதலாளியிடம் அவன் வந்து சேர்ந்தான். பெல்லியேவுக்குச் செடிகொடிப் பைத்தியம். பையன் அவர் காலடியிலேயே சுற்றினான். செல்லப் பிள்ளை என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடம் அனுப்பவில்லை, எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பூக்களின் பாகங்களை வாய்வழியாக அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

அதில் ஒரு பாடம், பூசணிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெரிய கொடி. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அதில் ஆண் கொடி தனி, பெண் கொடி தனி. ஆண் பூவைக் கொண்டுபோய்ப் பெண் பூவில் தொட்டால் காய் பிடிக்கும் என்று செய்து காட்டினார். அவ்வளவுதான் அவர் கொடுத்த பாடம்.

1841. பெல்லியே தோட்டத்தில் நடந்துகொண்டிருக்கிறார், எட்மோன் பக்கத்தில். சுமார் இருபது வருஷமாக மலடாக நின்ற வெனிலாக் கொடியில் ரெண்டு காய் தொங்குகிறது. அவர் ஆச்சரியப்பட்டுக் காட்டுகிறார். பையன், அது நான் பண்ணினது என்கிறான்.

அவர் நம்பவில்லை!

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு மாடிக்குப் போயிட்டு வந்தேன். சும்மாதான்.

சில நாள் கழித்து இன்னும் காய் பிடித்திருப்பதைப் பார்த்து, எங்கே செய்து காட்டு என்றார். பையன் ஒரு பூவை எடுத்தான். மெல்லிசான குச்சி ஒன்றால் அந்த நாக்குத் திரையை மேலே தூக்கிப் பிடித்தான். கட்டைவிரலால் மகரந்தத்தை அப்படியே கீழே அழுத்தி ஒட்டினான். முடிந்தது. சில நொடி வேலை.

இதை யோசிச்சுப் பாருங்க. பூசணியில் கற்ற பாடம், ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்கு எடுத்துப்போவது. வெனிலாவில் எடுத்துப்போக வேண்டியதே இல்லை. நடுவில் இருக்கும் தடையை விலக்கினால் போதும். அதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவனே பூவைப் பிரித்துப் பார்த்து, எது ஆண், எது பெண், எது குறுக்கே நிற்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறான். பாடம் சொன்ன பெல்லியேவுக்கு இருபது வருஷத்தில் தோன்றாதது இது. மோரன் பேராசிரியர் செய்தது அந்தப் பையன் காதுக்கு எட்ட வழியே இல்லை.

பெல்லியே அதை மறைக்கவில்லை. இதை நான் அழுத்தியே சொல்லணும். மற்ற தோட்டக்காரர்களுக்குச் சொல்லியனுப்பினார். எட்மோன் தோட்டம் தோட்டமாகப் போய் மற்ற அடிமைகளுக்குக் கற்றுக்கொடுத்தான். தீவு முழுக்கப் பரவியது. 1848-இல் பிரான்சுக்குப் போன வெனிலா சுமார் 50 கிலோ. 1898-இல் 200 டன். மெக்சிகோவைத் தாண்டிவிட்டார்கள். அங்கிருந்து இந்த முறை மடகாஸ்கருக்கும் போனது. இன்றைக்கு உலகத்தில் அதிக வெனிலா அங்கிருந்துதான் வருகிறது. அந்த ஒவ்வொரு காய்க்குப் பின்னாலும் ஒரு மனுஷக் கை இருக்கு, எட்மோன் செய்த அதே அசைவு இருக்கு. பிரெஞ்சில் அதை எட்மோனின் கைச்செய்கை என்றே சொல்கிறார்கள்.

*

சரி, எட்மோனுக்கு என்ன கிடைத்தது?

1848-இல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்தது. டிசம்பர் 20-ஆம் தேதி தீவில் அறிவித்தார்கள். எட்மோன் அதே வருஷம் சுதந்திர மனிதன் ஆனான். அல்பியுஸ் என்று ஒரு குடும்பப் பெயரும் வந்தது. லத்தீனில் வெள்ளை என்ற சொல்லை ஒட்டிய பெயர். கறுப்பினப் பையனுக்கு வெள்ளை என்று பெயர் வைத்த மகானுபாவர் யாரோ!

பெயர் வந்தது, பிழைக்க வழி வரவில்லை. தலைநகர் சேன்-தெனிக்குப் போய் ஒரு வீட்டில் சமையல்கட்டு வேலை பார்த்தான். அங்கே ஒரு நகைத் திருட்டு வழக்கில் மாட்டி, கடுங்காவல் தண்டனை. வெனிலாவால் இந்தத் தீவுக்கு இத்தனை வருமானம் கொண்டுவந்தவன், கருணை காட்டுங்கள் என்று உள்ளூர் நீதிபதி ஒருவர் ஆளுநருக்கு மனு எழுதினார். முழுத் தண்டனையும் முடியும் முன்னே விட்டார்கள். திரும்பவும் சேன்ட்-சூசானுக்கே வந்து, பெல்லியேவின் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே காலத்தை ஓட்டினான்.

இதற்கிடையில் இன்னொரு கூத்து. தீவின் அரசுத் தாவரத் தோட்டத்தில் பொறுப்பில் இருந்த ரிஷார் என்கிற பெரிய தாவரவியலாளர், இந்த முறையைத் தீவுக்குக் கொண்டுவந்ததே நான்தான் என்று 1860-களில் உரிமை கோரினார். 1838-லேயே தோட்டக்காரர்களுக்குச் செய்து காட்டினாராம். அந்தப் பையன் அதை ஒளிந்து பார்த்திருப்பான் என்பது மாதிரி ஒரு பேச்சு. படித்தவர், பதவியில் இருந்தவர். எதிரே நிற்பது எழுதப் படிக்கத் தெரியாத, ஜெயிலுக்குப் போய்வந்த முன்னாள் அடிமை. யார் சொல் எடுபடும்?

அப்போது பெல்லியே பேனாவை எடுத்தார். ரிஷார் அவருடைய பழைய நண்பர். இருந்தாலும் எட்மோனுக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன் என்ற பொருளில் கடிதம் எழுதினார். ரிஷாருக்கு வயசாகி ஞாபகம் தடுமாறுகிறது என்பதையும் நாசூக்காகச் சொன்னார். அவர் 1838-லேயே கற்றுக்கொடுத்திருந்தால், 1841-க்குப் பிறகு ஏன் எல்லாரும் வண்டி அனுப்பி எட்மோனை அழைத்துப்போனார்கள் என்பதுதான் இதில் உறைக்கிற கேள்வி. நமக்கு இன்று எட்மோன் கதை தெரிவதே பெருமளவு அந்தக் கடிதத்தால்தான்.

ஆனா இங்கே எனக்கு ஒரு நெருடல். பெல்லியே நல்லவரா? பெயரைத் திருடவில்லை, நண்பனை எதிர்த்து உண்மையைச் சொன்னார். அது சின்ன விஷயமில்லை. அதே பெல்லியே, 1841 முதல் 1848 வரை, தீவுக்கே பணம் காய்க்கும் வித்தையைக் கண்டுபிடித்த பையனைத் தன் உடைமையாகத்தான் வைத்திருந்தார். பெயரைக் கொடுத்தார், வெனிலாப் பணத்தில் பங்கு கிடைக்கவில்லை. பெயர் மட்டும் சோறு போடாது. 1880 ஆகஸ்டில் சேன்ட்-சூசான் மருத்துவமனையில், ஏழையாக, எட்மோன் இறந்தார். (இத்தனை நேரம் அவன் இவன் என்றே எழுதிக்கிட்டு வந்திருக்கேன் பாருங்க. அம்பத்தியோரு வயசு மனுஷர்.) காலனிக்கு இவ்வளவு லாபம் சேர்த்தவர் இப்படிச் செத்தாரே என்று உள்ளூர்ப் பத்திரிகை வருத்தப்பட்டு எழுதியது. இப்போ அந்த ஊரில் அவருக்குச் சிலை இருக்கு.

நம்ம ஆட்களுக்கும் இந்தத் தீவோடு ஒரு தொடர்பு உண்டு. அடிமை முறை போனதும் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே? புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏற்றினார்கள். மலபார் என்று அவர்களுக்கு அங்கே பெயர். சேன்ட்-சூசானுக்கு அடுத்த ஊரான சேன்-ஆந்த்ரேயில் இன்றும் அவர்கள் வம்சம் தீ மிதிக்கிறது. எட்மோன் விடுதலையாகி நகரத்துக்குப் போன காலத்தில் இவர்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பெயரை எழுதிய பதிவேடுகளில் எத்தனை முனுசாமி எப்படியெல்லாம் உருமாறினானோ!

2000-களின் தொடக்கத்தில் கேரளா, கர்நாடகா, நம்ம மலைப் பக்கமெல்லாம் வெனிலா மோகம் அடித்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். மடகாஸ்கரில் புயல் அடித்து விலை எகிறியது. ஆளாளுக்குக் கொடி நட்டார்கள். பெண்கள் விடிகாலையில் குச்சியோடு கொடி கொடியாகப் போய்ப் பூவைத் தொட்டார்கள். அப்புறம் விலை சரிந்தது, பல பேர் கொடியைப் பிடுங்கிப் போட்டார்கள். அந்தக் குச்சி பிடித்த விதத்தை உலகத்துக்குக் காட்டியது ஒரு பன்னிரண்டு வயசு அடிமைப் பையன் என்று அவர்களில் எத்தனை பேருக்கு யாராவது சொல்லியிருப்பார்கள்?

*

பரங்கிக்காய்க்கு வருகிறேன்.

படிச்ச மறுநாள் பக்கத்து வீட்டுக்காரரிடம் போய், "சார், அன்னிக்கு நான் சொன்னது தப்பு. அந்தப் பொண்ணுதான் பண்ணினா" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இதுக்குப் போய் வீடு தேடி வந்தானா என்கிற பார்வை. "அதனால என்ன சார்" என்றார். அவருக்கு ஒன்றுமில்லைதான்.

அந்தப் பொண்ணிடம், "நீ சொன்னப்ப நான் நம்பலை, மன்னிச்சுக்கோ" என்றேன். அவள் சிரிச்சுட்டு, "இன்னிக்கு ரெண்டு பொம்பளைப் பூ விரிஞ்சிருக்கு சார், பாக்குறீங்களா?" என்றாள். போனேன். ஆண் பூவைக் காம்போடு கிள்ளினாள். இதழை உரித்தாள். மெதுவா மூணு தடவை சுழற்றித் தடவினாள். என் கையில் ஒன்று கொடுத்தாள். நான் தடவினது அழுகி விழுந்தது; அவள் தடவினது பிடித்தது. :)

முதல் காயை முழுசா அவங்க வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். பெல்லியே கதையைப் படிச்ச பிறகு வெறும் பாராட்டோடு அனுப்பக் கூச்சமா இருந்தது. ஒரு பரங்கிக்காய் கொடுத்து எல்லாம் சரியாப் போச்சு என்று நான் நினைக்கவில்லை. மாடி என் மாடி, கொடி என் கொடி, அவங்க அம்மா என் வீட்டில் சம்பளத்துக்கு வேலை செய்றவங்க. அதையெல்லாம் ஒரு காய் மாற்றாது.

அவள் பேரைப் போட்டு இந்தப் பதிவை எழுதணும் என்றுதான் ஆசை. அவங்க அம்மாவிடம் கேட்டேன். "நெட்டுல பொண்ணு பேரெல்லாம் போடாதீங்க சார்" என்று கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. நியாயம்தான். அதனால் யார் செய்தது என்பதைப் பற்றிய இந்தப் பதிவில், செய்தவள் பேர் இல்லை. ஆனா நான் செய்யலை என்பதையாவது எழுத்தில் போட்டுட்டேன்.

உங்க மாடியிலும் பிஞ்சு உதிர்ந்தால் காலையில் ஏழு மணிக்குள் எழுந்து போய்த் தடவிப் பாருங்க. பிடிச்சா, யாரிடம் கற்றுக்கொண்டீங்க என்பதையும் சேர்த்துச் சொல்லுங்க.